கொம்பையனின் இடது கால்

நரிதூங்கிக் குளத்தில் தண்ணீர் வற்றியதும் கபடி ஆட்டம் தொடங்கிவிடும். காய்ந்த களிமண்ணும் அதன் மேல் மெல்லிய மணலுமாகத் தரை நன்றாக இருக்கும். விழுந்தாலும் வலிக்காது என்று கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர்கள் சொல்வார்கள். விழுந்தவர்கள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

மேல்கரையில் வசிக்கும் மிருகங்கள் ஓர் அணி. கீழ்கரையில் வசிப்பவை மற்றோர் அணி. குளத்து நடுத்திட்டில் பெரிய பலாமரம் ஒன்று உண்டு. சித்திரை மாதத்து ஆட்டத்தில் ஜெயிக்கிற கரைக்கு அந்த வருஷத்துப் பழம் முழுவதும் சொந்தம். தோற்ற கரை வாசனையை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மேல்கரையின் நம்பிக்கையெல்லாம் கொம்பையன் என்ற புள்ளிமான்மேல்தான். "கபடி, கபடி" என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டு எதிரணிக்குள் நுழைவான். இரண்டு பேரைத் தொடுவான். மூன்றாவது ஆள் கையை நீட்டுவதற்குள் நடுக்கோட்டைத் தாண்டித் தன் பக்கம் வந்துவிடுவான். இடது பக்கம் பார்த்துக்கொண்டு வலது பக்கம் பாய்வான். இது தெரிந்து எதிரிகள் வலது பக்கம் காத்திருந்தால், அன்றைக்கு இடது பக்கமே பாய்வான்.

வீட்டிலும் அவன் அப்படித்தான். "பசிக்குதாங்க?" என்று மனைவி செவத்தாயி கேட்டால் இல்லை என்பான். சரியென்று அவள் புல்லைத் தள்ளி வைத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

பாடிப் போகிற ஆட்டக்காரர்களுக்கு அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் காலில் பலம், எந்தக் காலில் சுளுக்கு என்று பெற்ற தாயிடம்கூடச் சொல்லமாட்டார்கள். சொன்னால் அது எப்படியாவது எதிர்க்கரைக்குப் போய்விடும். பிறகு எல்லோரும் அந்தக் காலையே பிடிப்பார்கள். கொம்பையன் இந்த வழக்கத்தைச் சாப்பாட்டைவிட முக்கியமாக வைத்திருந்தான்.

அந்த வருஷத்து ஆட்டத்தில் மேல்கரைதான் முன்னால் இருந்தது. கடைசிப் பாட்டுக்குக் கொம்பையன் போனான். உள்ளே போகாமல் கோட்டருகே நின்று காலம் கடத்தியிருந்தாலே போதும். ஆனால் கரை முழுக்க ஆட்கள் பார்க்கிறார்களே! இவன் உள்ளே போனான். இரண்டு கழுதைப்புலிகளைத் தொட்டான். திரும்பும்போது கரடி சடையன் பின்னாலிருந்து வந்து அப்படியே கட்டிக்கொண்டது.

கீழே கொம்பையன். அவன்மேல் கரடி. கரடிமேல் இரண்டு கழுதைப்புலிகள். இவனைக் காப்பாற்ற ஓடி வந்த வேகத்தில் நிற்க முடியாமல், கொம்பையனின் சொந்த அணித் தலைவன் காட்டுப்பன்றி கோரையனும் அந்தக் குவியலின் மேலே போய் விழுந்தது. அடியில் எங்கோ "கடக்" என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் தன் வலது பின்னங்கால் முட்டியிலிருந்து வந்தது என்று கொம்பையனுக்கு மட்டும் தெரிந்தது.

எல்லோரும் எழுந்தார்கள். கொம்பையன் எழவில்லை. கோரையன் ஓடி வந்து குனிந்தது.

"எந்தக் கால் மாப்ள?"

வலியில் கொம்பையனுக்குக் கண்ணில் பொறி பறந்தது. வலது என்று சொல்ல வாயைத் திறந்தான். அப்போதுதான் பலாமரத்துக் கிளையில் கீழ்கரைக் காக்கை தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பது தெரிந்தது.

"இடது" என்றான் கொம்பையன்.

யோசித்துச் சொல்லவில்லை. பாயும்போது உடம்பு எப்படித் தானாகத் திரும்புமோ அப்படி வாயும் தானாகத் திரும்பிவிட்டது. அடுத்த வருஷம் இவன் திரும்ப வந்து ஆடும்போது எதிரிகள் இடது காலைப் பிடிப்பார்கள், அது நல்ல கால், உதறிவிட்டு வந்துவிடலாம். இவ்வளவு கணக்கையும் குப்புறக் கிடந்தபடியே போட்டுவிட்டான். முட்டி போனாலும் மூளை போகவில்லை என்று அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவனைத் தூக்கிக்கொண்டு வந்து புன்னை மரத்தடியில் கிடத்தினார்கள். கொக்கு வைத்தியர் வந்தார். எலும்பு, மூட்டு விஷயங்களில் அந்தக் காட்டில் அவரைக் கேட்டுத்தான் எதுவும். எப்போதும் ஒற்றைக் காலில்தான் நிற்பார். கால்களைப் பற்றிப் பேச அதைவிடப் பெரிய தகுதி எதுவும் வேண்டாம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரும் நினைத்தார்.

"எந்தக் கால்?"

காக்கை பின்னாலேயே வந்து புன்னை மரத்தில் உட்கார்ந்திருந்தது.

"இடதுங்க" என்றான் கொம்பையன். வீங்கிக்கொண்டிருந்த வலது காலை வைத்தியர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, அதன்மேலேயே ஒருக்களித்துப் படுத்தான். உயிர் போகிற மாதிரி வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

வைத்தியர் இடது முட்டியை அலகால் தட்டிப் பார்த்தார். கொம்பையன் "ஐயோ" என்றான்.

"வீக்கமே காணலையே" என்றார் வைத்தியர். பிறகு, தனக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, "இது உள்வீக்கம். வெளிவீக்கத்தைவிட மோசம்" என்றார். பிரண்டையும் எருக்கிலையும் அரைத்து இடது காலுக்குப் பத்துப் போட்டுக் கட்டினார். அடுத்த சித்திரை வரைக்கும் ஆட்டம் கூடாது என்று சொல்லிவிட்டுப் பறந்தார்.

செவத்தாயி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, படுத்திருக்கிற பக்கத்தைக் கொஞ்சம் திருப்புங்க."

"எதுக்கு?"

"திருப்புங்கன்னா திருப்புங்க."

திருப்பினான். வலது முட்டி பலாக்கொட்டை மூட்டை மாதிரி வீங்கியிருந்தது.

"வைத்தியர்கிட்டயே பொய் சொல்லுவாங்களா? உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"மெதுவாப் பேசு. காக்கா கேக்கும். இதெல்லாம் ஆட்டத்து நுணுக்கம். உனக்குப் புரியாது."

"எனக்கு வீக்கம் புரியும்" என்றாள் செவத்தாயி. வைத்தியரை உடனே திரும்பக் கூப்பிடப் போவதாக எழுந்தாள். கொம்பையன் கெஞ்சினான். மிரட்டினான். கடைசியில் குரல் உடைந்து, "வெளியே தெரிஞ்சா என்னை ஆட்டத்துல சேக்கமாட்டாங்க புள்ள. கபடி இல்லாம நான் என்ன பண்ணுவேன்" என்றான்.

அதை மட்டும் அவன் பொய்யாகச் சொல்லவில்லை. சின்னக் கன்றாக இருந்த நாள் முதல் அவனுக்கு அந்த ஆட்டத்தைவிடப் பிடித்தது வேறொன்றும் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். மனசு இளகிவிட்டது. சரியென்று வாயை மூடிக்கொண்டாள். ஆனால் இடது காலுக்குப் போட்டு மிஞ்சிய பத்தை வழித்து, யாரும் பார்க்காதபோது வலது காலுக்குத் தடவினாள். அந்த வருஷம் அந்த முட்டிக்குக் கிடைத்த வைத்தியம் அவ்வளவுதான்.

பார்க்க வருகிறவர்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் எல்லோரும் வைத்தியர்கள். ஒருவர் வேப்பெண்ணெய் என்றார், ஒருவர் வெந்நீர் என்றார். முள்ளம்பன்றி வந்து, தன் சித்தப்பாவுக்கும் இதே மாதிரி அடிபட்டதாகவும், அவர் பிறகு நடக்கவே இல்லை என்றும் ஆறுதல் சொன்னது. "உனக்கென்னப்பா கவலை, நாலுல ஒண்ணுதானே போச்சு. மீதி மூணு இருக்கே" என்றது மயில். ஒன்றும் மிச்சம் வைக்காமல் கொம்பையன் வீட்டுக் கொழுந்துப் புல்லைத் தின்றுவிட்டு எல்லோரும் போனார்கள்.

கரடி சடையனும் வந்தது. கையில் ஒரு தேனடை. கொம்பையன் முகத்தைப் பார்க்கவே அதற்குக் கூச்சமாக இருந்தது.

"வேணும்னு பண்ணல மச்சான். பிடிக்கிற வேகத்துல மேல விழுந்துட்டேன். அன்னையிலேருந்து எனக்குச் சோறே இறங்கல."

அது கொண்டுவந்த தேனடையில் பாதிதான் இருந்தது. ஆனாலும் அது சொன்னது உண்மைதான். கண் கலங்கியிருந்தது.

"எந்தக் கால் மச்சான்?"

"இடது" என்றான் கொம்பையன். சொல்லிச் சொல்லி இப்போது கூசாமல் வந்தது.

சடையன் அந்த இடது காலையே வெகு நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தடவிக் கொடுக்கக் கையைக் கொண்டுபோய், பயந்து இழுத்துக்கொண்டது. பிறகு தேனடையைத் தானே முடித்துவிட்டுப் போனது.

கொம்பையன் எழுந்து நடக்கத் தொடங்கியதும்தான் உண்மையான கஷ்டம் வந்தது. இடது காலை நொண்ட வேண்டும். இடது காலைத் தூக்க வேண்டுமென்றால் வலது காலை அழுத்தி ஊன்ற வேண்டும். வலது காலை ஊன்றினால் உயிர் போகிறது. நொண்டுவது போல நடிக்கவும் ஒரு நல்ல கால் வேண்டியிருக்கிறது என்பதை அந்தக் காட்டில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவன் கொம்பையன்தான். ஆள் வருகிற சத்தம் கேட்டால் இடது காலை நொண்டுவான். ஆள் போனதும் வலது காலை நொண்டுவான். சில சமயம் நடுவில் குழம்பிப்போய் இரண்டையும் நொண்டுவான். பார்த்தவர்கள் நோய் பரவுகிறது என்று பரிதாபப்பட்டார்கள்.

வைத்தியர் பயிற்சி கொடுத்தார். இடது காலை ஊன்றி, வலது காலை மடக்கிக்கொண்டு நிற்கச் சொன்னார். கொம்பையனுக்கு அதைவிடச் சுகம் வேறென்ன? நோகிற காலுக்கு ஓய்வு, வைத்தியருக்கும் திருப்தி. காலையில் நின்றான், மாலையில் நின்றான். வைத்தியரும் எதிரே ஒற்றைக் காலில் நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பது தூரத்திலிருந்து பார்க்க மிக அழகாக இருந்தது.

மாதங்கள் போயின. இடது கால் தூண் மாதிரி ஆனது. வலது கால் வேலையே இல்லாமல் இளைத்துச் சுள்ளி மாதிரி ஆனது. வலி மட்டும் மெதுவாகக் குறைந்துவிட்டது. வலி போய்விட்டதால் கால் சரியாகிவிட்டது என்று கொம்பையன் முடிவு கட்டிக்கொண்டான். ஒருநாள் சரிவில் ஓடிப் பார்த்தபோது முட்டி நழுவியது. தலைகுப்புற விழுந்தான்.

"வேர் தடுக்கிடுச்சு" என்றான்.

"அங்கே மரமே இல்லையே" என்றாள் செவத்தாயி.

பங்குனியில் மறுபடியும் பயிற்சி ஆட்டங்கள் தொடங்கின. கொம்பையனுக்குப் பதில் முயல் மூக்கையன் பாடிப் போனான். மூக்கை ஆட்டிக்கொண்டே பாடுவான். பாட்டு அவ்வளவு எடுப்பாக இருக்காது. ஆனால் தொட்டுவிட்டு வந்துவிடுவான். கரையில் நின்றவர்கள், போன வருஷம் கொம்பையனுக்குத் தட்டிய அதே கையால் இப்போது மூக்கையனுக்குத் தட்டினார்கள்.

கொம்பையன் கரையில் உட்கார்ந்து பார்த்தான். மணல் பறக்கிற வாசனை வந்தது. "கபடி, கபடி" என்ற சத்தம் வந்தது. உதடு தானாக அசைந்தது. யாரோ தன் வீட்டில் குடிவந்துவிட்டதுபோல அவனுக்கு இருந்தது. இந்த வருஷம் இறங்காவிட்டால் இனி எப்போதும் தன்னை யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று தோன்றியது. அன்றைக்கே வைத்தியரிடம் போய், தன்னைச் சோதித்துப் பார்க்கச் சொன்னான்.

சோதனை பொட்டலில் நடந்தது. மேல்கரை முழுவதும் வந்திருந்தது. வைத்தியர் இடது காலால் உதைத்து ஒரு விழுந்த மரத்தைத் தாண்டச் சொன்னார். கொம்பையன் தாண்டினான். அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் திரும்பவும் தாண்டினான். அடிபடாத கால், அதோடு ஒரு வருஷம் ராஜ உபசாரம் வேறு. ஏன் தாண்டாது?

"என் அனுபவத்துல இப்படி ஒரு குணம் நான் கண்டதில்ல" என்றார் வைத்தியர். "புத்தம் புதுக் கால். தாராளமா ஆடலாம்."

எல்லோரும் கொம்பையனைச் சூழ்ந்துகொண்டார்கள். கோரையன் முதுகில் தட்டியது. கொம்பையன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த நிமிஷத்தில் அவனே நம்பிவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் செவத்தாயி கேட்டாள்.

"நிஜமாவே இறங்கப் போறீங்களா?"

"வைத்தியரே சொல்லியாச்சு. நீ கேட்டியே."

"அவரு இடது காலைப் பாத்துட்டுச் சொன்னாரு. வலது காலைக் கேட்டாரா?"

"ரெண்டும் என் கால்தானே. ஒண்ணு நல்லா இருந்தா இன்னொண்ணும் நல்லாத்தான் இருக்கும்."

செவத்தாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆட்டம் பாக்க நான் வரமாட்டேன். அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை என்னால கேக்க முடியாது" என்றாள். அழுதுவிட்டாள். கொம்பையன் புல் மேயப் போவதாகச் சொல்லி நழுவினான்.

சித்திரையில் ஆட்டம் வந்தது. இரண்டு கரையிலும் கூட்டம். அந்த வருஷம் பலா நன்றாகக் காய்த்திருந்தது. கொம்பையன் வரிசையில் வந்து நின்றபோது மேல்கரை ஆர்ப்பரித்தது. அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, இடது காலை லேசாக, எதிரிகளுக்கு மட்டும் தெரிகிற அளவில், நொண்டிக்கொண்டே உள்ளே போனான்.

முதல் பாட்டில் ஓர் ஆச்சரியம். இடது காலைப் பிடிக்க எல்லோரும் பாய்வார்கள் என்று நினைத்தான். ஒருவரும் பாயவில்லை. இடது காலை நீட்டினால் கழுதைப்புலிகள் தீயைக் கண்டதுபோல விலகின. அவன் ஒருவரைத் தொட்டுவிட்டுச் சும்மா நடந்தே திரும்பி வந்தான்.

"பயந்துட்டானுங்க" என்றான் கோரையனிடம். "என் பேர் இன்னும் அப்படியே இருக்கு."

இரண்டாவது பாட்டில் இன்னும் உள்ளே போனான். கொஞ்சம் மிதப்பும் சேர்ந்துகொண்டது. இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பாய்ந்தான். ஓரத்தில் நின்ற சடையன் கீழே குனிந்தது. இடது காலைப் பார்த்தது. அதைப் பக்குவமாக ஒதுக்கி விட்டது. பிறகு இரண்டு கையாலும் வலது காலை இறுக்கிப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கியது.

"கடக்."

கொம்பையன் பாட்டு நின்றது. போன வருஷம் அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். இந்த வருஷம் காடே கேட்கும்படி கத்திவிட்டான். வரமாட்டேன் என்று சொன்ன செவத்தாயி கரையிலிருந்து முதலில் ஓடி வந்தாள். கூட்டத்துக்குப் பின்னால் மறைந்து நின்றிருக்கிறாள்.

சடையன் கையை எடுத்துவிட்டு மலைத்துப்போய் உட்கார்ந்தது.

"நான் இடது காலைத் தொடவே இல்லியே! வலது காலைத்தானே பிடிச்சேன்? எல்லாரும் பாத்தீங்கல்ல?"

கழுதைப்புலிகள் தலையை ஆட்டின.

"போன வருஷம் என்னாலதான் இவனுக்கு இடது கால் போச்சு" என்றது சடையன். அழ ஆரம்பித்துவிட்டது. "எங்க ஆளுங்க எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லி வெச்சேன். எவனாவது கொம்பையன் இடது காலைத் தொட்டா பல்லைப் பேத்துடுவேன், பிடிக்கிறதா இருந்தா வலது காலைப் பிடிங்க, அது நல்ல கால், தாங்கும்னு சொன்னேன். ஒரு வருஷமா எல்லாரும் வலது காலைப் பிடிச்சே பழகினோம் மச்சான்."

கொம்பையனுக்கு வலியைவிட அது அதிகமாக வலித்தது. எதிரியை ஏமாற்றக் கணக்குப் போட்டான். எதிரிக்கு இரக்கம் இருக்கும் என்பது மட்டும் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

கொக்கு வைத்தியர் வந்து இறங்கினார். ஒற்றைக் காலில் நின்றார்.

"எந்தக் கால்?"

காக்கை கிளையிலிருந்து எட்டிப் பார்த்தது. கொம்பையன் காக்கையைப் பார்த்தான். பிறகு செவத்தாயியைப் பார்த்தான்.

"வலதுங்க" என்றான். எச்சிலை விழுங்கிக்கொண்டு, "போன வருஷமும் வலதுதாங்க" என்றான்.

வைத்தியர் தடுமாறி, மடக்கிய காலையும் கீழே ஊன்றிவிட்டார். இரண்டு காலில் நின்ற கொக்கு வைத்தியரை அந்தக் காடு அன்றைக்குத்தான் பார்த்தது.

"அப்போ ஒரு வருஷமா நான் வைத்தியம் பாத்தது?"

"நல்லா இருந்த காலுக்குங்க."

வைத்தியர் ஒரு காலை மறுபடியும் மடக்கிக்கொண்டார். "அதான் அவ்வளவு நல்லாக் குணமாச்சு" என்றார்.

கோரையன் தலையில் அடித்துக்கொண்டது. அந்த வருஷத்துப் பழம் கீழ்கரைக்குப் போனது. சடையன் தன் பங்கில் பெரிய பழமாக ஒன்றைச் சுமந்துகொண்டு வந்து, கொம்பையனைப் பார்க்காமல் செவத்தாயியிடம் கொடுத்துவிட்டுப் போனது. செவத்தாயி ஒரு சுளைகூட அவனுக்குக் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

பிறகு எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தது. இந்தத் தடவை வைத்தியர், "ரெண்டு காலையும் காட்டு" என்றுதான் தொடங்கினார். வந்த நோயாளிகள் எல்லோரிடமும் அதையே சொன்னார். பல் வலி என்று வந்த கீரியிடமும் சொன்னார்.

கட்டு பிரித்ததும் வலது காலை மடக்குவதே பெரும் பாடாக இருந்தது. பிறகு நீட்டுவது. பிறகு அதில் நிற்பது. கொம்பையன் நின்றான். விழுந்தான். எதிரே ஒற்றைக் காலில் நின்ற வைத்தியர் விழாமல் நிற்பதைப் பார்த்து எரிச்சல் பட்டான். ஒரு மாதம் முன்னேற்றம் இருக்கும். மறு மாதம் அப்படியே நிற்கும். இனி ஆட்டமே கிடையாது என்று சில நாள் ஒரு மூலையில் படுத்துக்கொள்வான். "வலிக்குது" என்று அவன் சொன்னால் செவத்தாயி, "எங்கே?" என்பாள். இப்போது சரியான இடத்தைக் காட்டினான்.

காட்டக் கற்றுக்கொண்டதும் நிறுத்தத் தெரியவில்லை. முட்டிக்கு உள்ளே வலி, முட்டிக்குப் பின்னால் இழுப்பு, மழைக்கு முன்னால் குடைச்சல் என்று வழியில் வருகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னான். கொஞ்ச நாளில் அவன் வருவது தெரிந்தால் முள்ளம்பன்றி புதருக்குள் போனது. காக்கையே ஒருநாள், "போதும் சாமி, எல்லாம் தெரிஞ்சுபோச்சு" என்று பறந்துவிட்டது.

அடுத்த சித்திரைக்குள் கால் தேறவில்லை. வைத்தியர் கூடாது என்றார். கொம்பையனுக்கு அழுகை வந்தது. ஆனாலும் சரியென்று கரையில் உட்கார்ந்தான். மூக்கையன் பாடிப் போகும்போது முதன்முதலாக அவனுக்குக் கை தட்டினான். முயல் திரும்பிப் பார்த்துக் கொஞ்சம் தடுமாறி, கோட்டுக்கு இந்தப் பக்கமே விழுந்தான்.

அதற்கும் அடுத்த சித்திரை வந்தது. வைத்தியர் வலது காலால் மரத்தைத் தாண்டச் சொன்னார். இடது காலாலும் தாண்டச் சொன்னார். முன்னங்கால்களையும் விடவில்லை. பிறகுதான் தலையை ஆட்டினார்.

கொம்பையன் நடுக்கோட்டில் வந்து நின்றான். கால் நடுங்கியது. அடிபட்ட கால் மட்டுமல்ல, நான்கும் நடுங்கின. அந்த "கடக்" சத்தம் காதுக்குள்ளேயே இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தான். கரையில், எல்லோருக்கும் முன்னால், செவத்தாயி உட்கார்ந்திருந்தாள்.

கொம்பையன் பாடத் தொடங்கவில்லை. வலது பின்னங்காலை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினான்.

"அடிபட்டது இந்தக் கால். ரெண்டு தடவையும் இதுதான். இப்போ நல்லா இருக்கு. இருந்தாலும் சொல்லிட்டேன்."

"அடப்பாவி, ஆட்டத்து ரகசியத்தையெல்லாம் மைக் வெச்சுச் சொல்றானே" என்று கோரையன் தலையில் கை வைத்துக்கொண்டது.

சடையன் அந்தக் காலை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டது. "சரி மச்சான்" என்றது.

கொம்பையன் மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனான். அவர்கள் இனி வலது காலைத் தொடமாட்டார்கள், அதையே நீட்டி நீட்டித் தொட்டால் என்ன என்று ஒரு கெட்ட எண்ணம் அவனுக்கு வராமல் இல்லை. பழைய குணம் அவ்வளவு சுலபமாகப் போகுமா? ஆனால் நீட்டவில்லை. ஒருவனைத் தொடப் போனான். தவறியது. திரும்பினான். சடையன் இடுப்போடு சேர்த்து அவனைக் கட்டிக்கொண்டு, வலது காலில் பாரம் படாமல் மெதுவாக மணலில் சாய்த்தது. கழுதைப்புலிகள் மேலே விழாமல் சுற்றி நின்றன. கொம்பையன் உதறினான், திமிறினான், கோட்டுப் பக்கம் கழுத்தை நீட்டினான். மூச்சு விட்டுப்போனது. அவுட்.

மேல்கரை "ப்ச்" என்றது. கொம்பையன் ஒரு நிமிஷம் மணலிலேயே கிடந்தான். காது கொடுத்துக் கேட்டான். எந்தச் சத்தமும் இல்லை. முன்னங்காலை ஊன்றினான். இடது காலை ஊன்றினான். வலது காலை ஊன்றினான். எழுந்து நின்றான். உடம்பை உதறினான். மணல் பறந்தது.

பிறகு யாருடைய உதவியும் இல்லாமல், கொஞ்சமும் நொண்டாமல், அவுட்டானவர்கள் உட்காரும் இடத்துக்குத் தானே நடந்து போனான். அவுட்டாகிப் போகிற ஒருவன் அப்படிச் சிரித்துக்கொண்டு போய் அந்தக் குளத்தில் யாரும் பார்த்ததில்லை. கரையில் செவத்தாயி எழுந்து நின்றுவிட்டாள். "எங்கேயாவது வலிக்குதாங்க?" என்று கேட்டாள்.

கொம்பையன் யோசித்துப் பார்த்தான்.

"கொஞ்சம் மனசுல" என்றான். "மூக்கையன் ஒருத்தனைத் தொட்டா நான் மறுபடியும் உள்ளே போவேன். அப்போ சரியாயிடும்."

நோவு எங்கே இருக்கிறது என்பதை மறைப்பவனை, அவனுக்கு நல்லது செய்ய நினைப்பவர்களாலும் காப்பாற்ற முடியாது.